நவநாள்: ஒன்பது நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? பகாவ் கோயில் வாசலில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ஆகஸ்டு 29 மாலை வேளாங்கண்ணி மாதா கொடி ஏறியதும் எங்கள் ஊரில் கேள்விகளும் ஏறத் தொடங்கிவிடும். நான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அவர்கள் வெட்டிய நிரைகளில் இப்போது செம்பனை நிற்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்டது, பூசை முடிந்து அவர்களுடைய பாட்டிமார் கேட்டது, தேநீர்க் கடையில் இந்து நண்பர்கள் கேட்டது என்று பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நவநாள் என்றால் 'புதிய நாள்' என்று எங்கள் பாட்டி சொல்வார். சரியா?

பாட்டி சொல்வதில் காரணம் இருக்கிறது. வடமொழியில் 'நவ' என்றால் புதிய என்றும் பொருள், ஒன்பது என்றும் பொருள். நவீனம் முதல் வகை, நவதானியம் இரண்டாம் வகை. நவநாளில் உள்ளது ஒன்பதுதான். ஒன்பது நாள் தொடர்ந்து ஒரே கருத்துக்காகச் செய்யும் செபம் என்பதே அதன் பொருள். லத்தீனிலும் இதே இரட்டை வேடம் உண்டு: 'நொவுஸ்' என்றால் புதிது, 'நொவெம்' என்றால் ஒன்பது.

ஆங்கிலப் பூசைக்குப் போனால் 'நொவேனா' என்கிறார்கள். அது லத்தீன் சொல்லா?

ஆம். 'நொவெம்' என்பதிலிருந்து 'நொவேனி' என்றொரு வடிவம் லத்தீனில் பிறந்தது. தமிழில் மும்மூன்று, நந்நான்கு என்று பங்கு பிரித்துச் சொல்கிறோம் அல்லவா, அதுபோல ஆளுக்கு ஒன்பது, முறைக்கு ஒன்பது என்று எண்ணும் வடிவம் அது. அதன் பெண்பால் ஒருமைதான் இடைக்கால லத்தீனில் 'நொவேனா' என்று வழிபாட்டுப் பெயராக நிலைத்தது. போர்த்துக்கீசியர், ஸ்பானியர், இத்தாலியர் எல்லாரும் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மலாய்ப் பூசையிலும் நொவேனாதான். தமிழர்களோ ஒலியை எடுக்காமல் பொருளை எடுத்து நவநாள் என்றார்கள். என் மனத்துக்கு இது மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு. ஏனென்றால் லத்தீன் 'நொவெம்', வடமொழி 'நவ' இரண்டும் ஒரே பழைய மூலத்திலிருந்து பிரிந்தவை. பொருளைத்தான் பெயர்த்தார்கள், ஆனாலும் முதல் எழுத்தின் ஒலிகூடத் தப்பாமல் வந்து சேர்ந்துவிட்டது.

அப்படியானால் நவநாள் நவராத்திரியிலிருந்து வந்ததா? தேநீர்க் கடையில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்தது.

அந்த வாக்குவாதத்தில் நானும் இருந்தேன். இரண்டும் உறவு, ஆனால் தாய் மகள் உறவு இல்லை. 'நவ', 'நொவெம்' என்ற சொற்கள் உடன்பிறந்தவை. வழிபாடுகள் தனித்தனியாகப் பிறந்தவை. நவராத்திரி தேவியின் ஒன்பது இரவுகளை எண்ணுகிறது. நொவேனாவின் கணக்கு ஒரு சம்பவத்திலிருந்து வருகிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஆனால் ஓர் ஒற்றுமையை நம் இந்து நண்பர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒன்பது இரவு முடிந்து பத்தாம் நாள் விஜயதசமி. ஒன்பது நாள் செபம் முடிந்து பத்தாம் நாள் திருவிழா. இரண்டு பக்கமும் ஒன்பது நாளும் பத்தாம் நாளைப் பார்த்தே நடக்கிறது.

ஏன் ஒன்பது? ஏழோ பத்தோ ஏன் இல்லை?

எல்லாக் கேள்விகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். சற்று நிதானமாகவே சொல்ல விடுங்கள்.

இயேசு உயிர்த்த 40-ஆம் நாள் விண்ணேறினார். அது வியாழக்கிழமை. எருசலேமை விட்டுப் போகாமல் காத்திருங்கள் என்று சீடர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். 50-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெந்தகோஸ்து. தூய ஆவி இறங்கினார். இடையில் எத்தனை நாள்? விரல் விட்டு எண்ணுங்கள்: வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஒன்பது. அந்த நாட்களில் சீடர்கள், பெண்கள், இயேசுவின் தாய் மரியாள் எல்லாரும் ஒரே மனத்தோடு செபத்தில் நிலைத்திருந்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரம் 14-ஆம் வசனம் சொல்கிறது. முதல் நவநாள் அதுதான் என்று திருச்சபை கருதுகிறது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1897-இல் வெளியிட்ட சுற்றுமடலில், பெந்தகோஸ்து திருவிழாவுக்கு முன் இந்த ஒன்பது நாள் செபத்தை உலகெங்கும் செய்யும்படி பணித்தார்.

அந்தச் சீடர்களுக்கு ஒன்பது நாள் என்பது தெரியாது. அதை மறந்துவிடக் கூடாது. 'காத்திருங்கள்' என்ற சொல் மட்டும்தான் அவர்கள் கையில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் திரும்பிப் பார்த்து எண்ணியபோதுதான் ஒன்பது என்று தெரிந்தது.

வேறொரு கணக்கும் உண்டு. தாய் வயிற்றில் குழந்தை இருக்கும் மாதம் ஒன்பது. ஸ்பெயினிலும் பிரான்சிலும் இடைக்காலத்திலேயே கிறிஸ்து பிறப்புக்கு முன் ஒன்பது நாள் செபம் வழங்கியது. மரியாள் சுமந்த மாதத்துக்கு ஒரு நாள் என்பது அதன் கணக்கு. இங்கே வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நாட்டவரைக் கேட்டுப் பாருங்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது விடியல் பூசைகளைப் பற்றிக் கண்ணில் ஒளியோடு சொல்வார்கள்.

மூன்றாவதாக, பழங்கால மறைநூல் அறிஞர்கள் ஒன்பதைக் குறையுள்ள எண்ணாகப் பார்த்தார்கள். பத்துதான் நிறைவு. புனித எரோணிமுஸ் ஒன்பதைத் துன்பத்தின், துயரத்தின் எண் என்றே எழுதினார். இயேசு உயிர்விட்டதும் யூதர் கணக்கில் ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் 3. அந்த மணிக்கு லத்தீனில் 'நோனா' என்று பெயர். நண்பகலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'நூன்' அதன் பேரப்பிள்ளைதான். நேரம் மட்டும் மூன்று மணியிலிருந்து பன்னிரண்டுக்கு நகர்ந்துவிட்டது.

இந்த மூன்றாவது கருத்தை லத்தீன் சொல்லுக்குள் தேடினால் கிடைக்காது. 'நொவெம்' வெறும் ஒன்பது, அவ்வளவுதான். ஆனால் நாம் தினமும் பேசும் இரண்டு மொழிகளுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது! பழந்தமிழில் ஒன்பதுக்கு 'தொண்டு' என்று பெயர். தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டிலும் அதன் சுவடு இன்றும் இருக்கிறது. பின்னால் வந்த சொல்தான் 'ஒன்பது'. பத்துக்கு ஒன்று குறைவு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். மலாயில் 'செம்பிலான்' என்பதை 'ச அம்பிலான்', அதாவது ஒன்றை எடுத்தது, என்று பிரிக்கிறார்கள். பத்திலிருந்து ஒன்றை எடுத்தால் ஒன்பது. 'அம்பில்' என்றால் எடு என்று நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது நாடுகள் சேர்ந்து பெயர் பெற்ற நெகிரி செம்பிலானில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். நம் கையில் இருப்பது ஒன்பது. குறைகிற அந்த ஒன்றை நாம் போட முடியாது. பெந்தகோஸ்து அன்று அது மேலிருந்து வந்தது.

ரோமர்கள் கிறிஸ்தவர்களாகும் முன்பே ஒன்பது நாள் சடங்கு வைத்திருந்தார்களாமே? அதைத்தான் திருச்சபை எடுத்துக்கொண்டதா?

வைத்திருந்தார்கள். அதற்கு 'நொவெந்தியாலே' என்று பெயர்: 'நொவெம்' ஒன்பது, 'தியேஸ்' நாள். துல்லுஸ் ஒஸ்திலியுஸ் அரசன் காலத்தில் ஆல்பா மலைமேல் கல்மழை பெய்ததாகவும், தெய்வ கோபம் என்று பயந்து ஒன்பது நாள் பரிகாரம் செய்ததாகவும் லிவி என்ற ரோம வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். வீட்டில் சாவு விழுந்தாலும் ஒன்பதாம் நாள்தான் துக்கம் முடியும் சடங்கு. நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துக்க வழக்கத்தைப் புனித அகுஸ்தினார் விரும்பவில்லை. மறைநூலில் ஒன்பது நாள் துக்கம் எங்கும் இல்லை, அது புறவினத்தார் பழக்கம், ஏழு நாளுக்கு வேண்டுமானால் மறைநூலில் சான்று உண்டு என்று கண்டித்தார். அவர் கண்டித்தும் வழக்கம் ஒழியவில்லை, உள்ளடக்கம் மாறியது. திருத்தந்தை இறந்தால் ஒன்பது நாள் தொடர்ந்து பூசை வைப்பதற்கு இன்றும் 'நொவெந்தியாலேஸ்' என்றுதான் பெயர். 2025-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இறந்தபோது ஏப்ரல் 26 முதல் மே 4 வரை அது நடந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே பழைய பாத்திரம் ரோமருடையது என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். உள்ளே இருப்பது சீடர்கள் கூடிச் செபித்த எருசலேம் மேல்மாடியிலிருந்து வந்தது. நம் கொடிமரமும் தேரும்கூடத் தமிழ் மண்ணிலிருந்து எடுத்தவைதானே. எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நவம்பர் மாதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சொல்லில் உண்டு. பழைய ரோமர் ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அந்தக் கணக்கில் நவம்பர் ஒன்பதாம் மாதம். செப்டம்பர் ஏழு, அக்டோபர் எட்டு, டிசம்பர் பத்து. ஆண்டுத் தொடக்கம் சனவரிக்கு மாறியும் பெயர்கள் மாறவில்லை.

வழிபாட்டில், நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களின் திருநாள். அதற்கு முன்னும் பலர் ஒன்பது நாள் செபிப்பார்கள். அந்நாட்களில் எங்கள் ஊரின் ஒரு கூட்டத்தையும் நான் நினைத்துக்கொள்வேன். ஜப்பானியர் ஆட்சியில், 1943 இறுதியிலிருந்து, சிங்கப்பூர் கத்தோலிக்கரான யூரேஷியரும் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியினர்) சீனரும் பகாவ் காட்டுக்குள் குடியேற்றப்பட்டார்கள். ஃபூஜி கிராமம் என்று பெயர் வைத்தார்கள். உணவு போதாமலும் மலேரியாவிலும் பலர் மாண்டார்கள். உடன் வந்த மலாக்கா ஆயர் தெவால்சும் 1945 சனவரியில் இறந்தார். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தெரிய வேண்டும்.

ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை எண்ணினால் 11 நாள் வருகிறதே?

கணக்குப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பிடிக்கும் பிழை இது! பிழை இல்லை. 29 மாலை கொடியேற்றம், அது வாசல். ஆகஸ்டு 30 முதல் செப்டம்பர் 7 வரை ஒன்பது நாள் நவநாள். 8 மாதா பிறந்த நாள் திருவிழா. மாதாவின் தாய் அன்னம்மாளுக்குப் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள கோயிலுக்கும் இதே முறைதான்: திருநாள் சூலை 26, நவநாள் அதற்கு முந்திய ஒன்பது நாள். வாடகைப் பேருந்து பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

எண்ணிக்கையில் ரோமர்களுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுவார்கள். அவர்களுடைய சந்தை எட்டு நாளுக்கு ஒருமுறை கூடும்; பெயரோ 'நுந்தினே', ஒன்பதாம் நாள் சந்தை. நாம் வாராவாரம் கூடும் இரவுச் சந்தையான பசார் மாலாமை 'இன்னைக்கு எட்டாம் நாள்' என்று சொல்வதும் அதே கணக்குதான்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள், சனிக்கிழமை சகாய மாதா நவநாள் என்கிறோம். இவை ஒன்பது நாள் இல்லையே?

இல்லை. வாராவாரம் ஒரே கிழமையில், முடிவே இல்லாமல் நடப்பதால் இவற்றை நித்திய நவநாள் என்கிறோம். ஒருவர் தன் கருத்துக்காக ஒன்பது வாரம் தொடர்ந்து வருவார்; கோயிலுக்கு அது ஓடிக்கொண்டே இருக்கும். புனித அந்தோணியார் 1231 சூன் 13 வெள்ளியன்று இறந்தார், 17 செவ்வாயன்று அடக்கம் செய்யப்பட்டார். அந்தச் செவ்வாய்தான் நம் செவ்வாய். இயேசுவின் திருஇருதய பக்தியில் ஒன்பது மாதம் முதல் வெள்ளி. நாள், வாரம், மாதம் எது மாறினாலும் ஒன்பது மாறுவதில்லை.

சிங்கப்பூரில் நொவேனா என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. பக்கத்தில் உள்ள புனித அல்போன்ஸ் கோயிலில் சனிக்கிழமை சகாய மாதா நவநாளுக்குத் திரண்ட கூட்டத்தால் கோயிலுக்கு அந்தப் பெயர் வந்து, வட்டாரத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

சவேரியாருக்கும் நவநாள் உண்டா?

உண்டு. மார்ச் 4 முதல் 12 வரை. அருள் நவநாள் என்பார்கள். 12-இல் முடிவதற்குக் காரணம், 1622 மார்ச் 12 அன்றுதான் அவருக்குப் புனிதர் பட்டம் தரப்பட்டது. முத்துக்குளித்துறைத் தமிழரிடையே ஊழியம் செய்துவிட்டு 1545-இல் மலாக்கா வந்தவர் அவர். சீனக் கரையருகே இறந்தபின், அவருடைய உடல் 1553-இல் மலாக்கா மலைக்கோயிலில் ஏறக்குறைய ஒன்பது மாதம் இருந்து, பிறகு கோவாவுக்குப் போனது. இங்கிருந்து தம்பின் வழியாக மலாக்காவுக்கு ஒரு காலைப் பயணம்தான். பிள்ளைகளை அழைத்துப்போய் அந்தக் காலிக் கல்லறையைக் காட்டுங்கள்.

நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? எனக்கு ஆலையில் இரவு வேலை.

வேண்டாம். பாவமும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஆலையிலிருந்து திரும்பும் வழியில் வண்டியில் சொன்னாலும் அது செபம்தான்.

'இந்தச் செபத்தை 9 நாளில் 9 பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்' என்று வாட்சாப்பில் வருகிறது. அழிக்கப் பயமாக இருக்கிறது.

அழித்துவிடுங்கள். இப்போதே.

வயதான அம்மாமார்கள் இந்தச் செய்தியைக் காட்டும்போது அவர்கள் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உள்ளத்தின் ஈடுபாடு இல்லாமல் செபத்தின் வெளிச்செயலுக்கே சக்தி உண்டு என்று நம்புவதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2111-ஆம் பத்தியில் மூடநம்பிக்கை என்று பெயர் சொல்லியே கண்டிக்கிறது. எருசலேமில் கூடியிருந்தவர்கள் யாரையும் மிரட்டவில்லை. அவர்களே கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து இருந்தவர்கள். அந்தப் பயத்தைப் போக்க வந்ததுதான் பத்தாம் நாள். ஒன்பதை வைத்து மீண்டும் பயத்தை உண்டாக்குவது அந்தச் சொல்லுக்கே செய்யும் துரோகம்.

என் மருமகள் மெதடிஸ்ட் சபை. நவநாளுக்கு வரத் தயங்குகிறாள்.

வற்புறுத்தாதீர்கள். புனிதர்களை நோக்கி மன்றாடுவதை அவர்கள் சபை ஏற்பதில்லை. அந்தத் தயக்கம் நேர்மையானது. விண்ணேற்றம் முதல் பெந்தகோஸ்து வரை உள்ள நாட்களில் அவளோடு உட்கார்ந்து திருத்தூதர் பணிகள் முதல் இரண்டு அதிகாரத்தை வாசியுங்கள். அது இரண்டு சபைக்கும் பொது. சொல் இல்லாமலே நவநாள் ஆகிவிடும்.

ஒன்பது நாளும் விடாமல் செபித்தேன், கேட்டது கிடைக்கவில்லை. எங்கே தவறு செய்தேன்?

நீங்கள் தவறு ஏதும் செய்யவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினான்கு வயதில் அப்பா மருத்துவமனையில் கிடந்தார். அம்மா அன்னம்மாளுக்கு நவநாள் தொடங்கினார். லயத்து வீட்டு முன்னறையில், சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. பக்கத்து வீட்டு மாரியம்மன் பக்தை அக்காளும் வந்து உட்காருவார். ஆறாம் நாள் விடியலில் அப்பா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து அன்று மாலை வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அம்மா எழுந்துபோய் மெழுகுவர்த்தியை ஏற்றினார். இனி எதற்கு என்று சித்தப்பா கேட்டார். 'இன்னும் நாள் இருக்கு' என்று மட்டும் சொன்னார். ஏழு, எட்டு, ஒன்பது. குணமாக்கும் என்று கேட்ட இடத்தில் இளைப்பாற்றி தாரும் என்று மாற்றிக்கொண்டார். மற்றபடி ஒரு சொல்லும் மாறவில்லை. அந்த அக்காளும் ஒன்பதாம் நாள்வரை வந்தார்.

பத்தாம் நாள் காலை ஐந்து மணிக்கு அம்மா தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் போ என்றார். போனேன்.